அரண்மனை வைத்தியரின் பேரப்பிள்ளைகள்

கதவைத் திறந்ததும் பின்ஹாஸ் முதலில் பார்ப்பது வந்தவரின் காலணியை. நல்ல தோல் என்றால் அமீரின் அரண்மனை வைத்தியருடைய வம்சம். தேய்ந்த தோல் என்றால் யாராவது ஒரு வேத பண்டிதர். அதற்குக் கீழே அவர் யாருக்கும் மூதாதையர் கொடுத்ததில்லை. புகாராவின் யூதர் அத்தனை பேரும் நாடி பார்த்துக்கொண்டும் வேதம் படித்துக்கொண்டும் இருந்தால் செருப்பு தைத்தவன் யார் என்று பக்கத்து வீட்டுப் புலோருக்குத் தோன்றும். கல்லறைத் தோட்டத்தின் சாவி அவளிடம்தான் இருக்கிறது. முன்னோரின் கல்லைத் தேடி வருகிறவர்களை அழைத்துப் போய்ப் போய் அவளுக்குச் சலித்துவிட்டது.

பின்ஹாஸ் முப்பது வருஷம் முடி வெட்டியவர். இப்போது சுவரில் ஒட்டும் காகிதச் சுருளைப் பின்பக்கமாக விரித்து, பென்சிலை நாக்கில் நனைத்து, வம்சமரம் வரைகிறார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துக் கண் கலங்குகிறார்கள். பச்சைத் தேநீர் ஆறிப்போகும்.

இந்த ஊரில் குடும்பப் பெயரால் ஒன்றும் ஆகாது. அது சோவியத் குமாஸ்தா அவசரத்தில் எழுதிக் கொடுத்தது. எந்த வீட்டு ஆள் என்று சொல்வது பட்டப்பெயர்தான்: சொட்டையர், சல்லடையர், மூக்கொழுகி. பின்ஹாஸ் ஒன்றையும் எழுத மாட்டார். "அதெல்லாம் தெருப்பேச்சும்மா. வரலாற்றுல வராது" என்பார், ஏதோ வரலாறே அவரிடம் முடி வெட்டிக்கொள்ள வந்த மாதிரி.

போன வாரம் தாஷ்கண்டிலிருந்து யாஃபா வந்தாள். தேய்ந்த காலணி. மகளுக்கு ஜெருசலேமில் இருபது நாளில் கல்யாணம். அங்கே கல்யாணத்தைப் பதிய, பெண்ணின் தாய்வழி யூதவழிதான் என்று உறவுக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். யாஃபாவின் தாயுடைய காகிதங்களெல்லாம் அந்தக் காலத்துத் தாஷ்கண்ட் நிலநடுக்கத்தில் போய்விட்டன.

பின்ஹாஸ் சுருளை விரித்தார். "பண்டிதர் வம்சம்மா நீ. மூக்கப் பாத்தாலே தெரியுது."

"பண்டிதரெல்லாம் இல்லங்கய்யா. எங்க அம்மாவப் பெத்தவ பேரு ஃப்ரெகோ. எங்கள குடல்கழுவி வீடுன்னு சொல்வாங்களாம்."

பென்சில் நாக்கிலேயே நின்றுவிட்டது. "அப்படி ஒரு வீடு இங்க இருந்ததே இல்ல."

"அந்தக் கையெழுத்து இல்லன்னா கல்யாணம் நின்னுடும்யா," என்றாள் யாஃபா. அழவில்லை. சொல்லிச் சொல்லி அழுகை வற்றிப்போன குரல்.

யாஃபாவைக் கல்லறைக்கு அழைத்துப்போகக் காத்திருந்த புலோர் சாவிக்கொத்தைச் சுருளின் மேலேயே போட்டாள். "நாலாவது வரிசை, மல்பெரி மரத்தடி. ஃப்ரெகோ கல்லு இன்னும் அங்கதான் கெடக்கு. அண்ணே, அவ உங்க அம்மாவோட கூடப்பொறந்த தங்கச்சிதானே? அவ கழுவிக் குடுத்த குடலத் தின்னுதானே வளந்தீங்க?"

எத்தனையோ பேருக்குத் தாத்தாக்களை வாரி வழங்கிய மனிதர், சொந்தச் சித்தியை மட்டும் கல்லுக்கடியிலேயே விட்டுவைத்திருந்தார். புலோருக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற யாஃபாவின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றது.

பின்ஹாஸ் பென்சிலைத் தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்து, யாஃபா கொண்டுவந்த படிவத்தை இழுத்துக்கொண்டார். பெயர், ஊர், தேதி எல்லாம் அழகான கையெழுத்தில் எழுதினார். 'உறவு' என்ற இடம் வந்ததும் புலோரை ஒரு பார்வை பார்த்தார். இடது கையை மடித்துத் தாளைச் சுற்றி அணை கட்டிக்கொண்டு, பரீட்சையில் பக்கத்துப் பிள்ளை பார்த்துவிடுமோ என்று பயந்த பையன் மாதிரி, குனிந்து 'சித்தியின் பேத்தி' என்று எழுதினார்.