அபீபி போட்டுதா?

குதிரையின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டால் முதலில் உள்ளே யாரோ நாற்காலியை இழுத்துப் போடுவது போல ஒரு சத்தம் வரும், அது அடங்குவதற்குள் சலசலவென்று தண்ணீர் இறங்கும், பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, நாம் காதை எடுக்கப் போகிற சமயம் பார்த்துக் கடகடவென்று ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் தினமும் இதைக் கேட்காமல் நான் போனதில்லை. கன்னத்தில் ஒட்டிய பழுப்பு மயிரோடு வகுப்பில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

குதிரை ஜாண்றோஸ் சித்தப்பாவுடையது. அப்பாவின் தம்பியான அவர் வீட்டு டிரைவராகக் கல்ஃபுக்குப் போய், அங்கே முதலாளி அரபியின் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் மாட்டி, அதையே விரும்பிச் செய்துவிட்டுத் திரும்பியவர். கல்யாணம் முடிந்ததும் இனிப் போவதில்லை என்று முடிவெடுத்து, கல்யாண ஊர்வலங்களில் நடந்து வயதான ஒரு பழுப்புக் குதிரையை வாங்கிக்கொண்டு, புதுக்கடை ஊருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே குதிரைகளை "ஹபீபி" என்று கூப்பிட்டுப் பழகிய வாய் இதையும் அப்படியே கூப்பிட்டது. எங்கள் தெரு அதை "அபீபி" ஆக்கிக்கொண்டது. சாயங்காலங்களில் தேங்காய்ப்பட்டணம் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுவதும், சீசனில் மாப்பிள்ளைகளைச் சுமப்பதும் அதன் பிழைப்பு. அரபியோ விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். குதிரை இங்கே நின்று பிடித்தால் தானும் நிற்பதாகவும், இல்லாவிட்டால் மறுபடி விமானம்தான் என்றும் சித்தப்பா சித்தியிடம் சொல்லியிருந்தார். சித்தி அப்போது முழுகாமல் இருந்தாள். குதிரைக்குப் பக்கத்தில் போகவே பயப்படுகிறவள், தூர நின்று அதை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அதுவரை எங்கள் தெருவில் யாரும் குதிரையை இத்தனை பக்கத்தில் பார்த்ததில்லை. அதனால் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. நின்றுகொண்டே தூங்குமா, பல்லைப் பார்த்து வயசு சொல்லலாம் என்பது நிசமா, அசைபோடாமல் எப்படிச் செரிக்கிறது? குதிரை போடுவதைச் சாணி என்று சொல்லக் கூடாது, "லத்தி" என்றுதான் சொல்ல வேண்டும் என்று சித்தப்பா சொன்னபோது, போலீஸ்காரர் கையில் இருப்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டேன். எதிர்வீட்டுத் தங்கபாய் மாமிக்கு மட்டும் இந்த ஆராய்ச்சிகளில் ஈடுபாடு இல்லை. வெளியே கொண்டுபோகும்போதெல்லாம் அபீபி சரியாக அவள் வீட்டு கேட்டுக்கு முன்னால்தான் போடும். "எலே ஜாண்றோஸே, இதுக்கு ஊருல வேற எடமே கெடைக்கலியா?" என்ற அவள் குரலில்தான் எங்கள் தெருவின் காலை விடிந்தது.

ஆனால் பிரியத்துக்கும் குறைவில்லை. சக்கைக் காலம் வந்தது. பலாப்பழத்தை எங்கள் பக்கம் சக்கை என்போம். சுளையை நாம் எடுத்துக்கொண்டு, முள்தோலோடு கூடிய "மடலை" வெட்டி மாட்டுக்குப் போடுவது எந்த வீட்டிலும் வழக்கம். மாடு தின்பதைக் குதிரை தின்னாதா என்று யாரும் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை, குதிரையும் மறுக்கவில்லை. சித்தப்பா கடைக்குப் போன நேரங்களில் ஆளாளுக்கு ஒரு கை நீட்டினார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் நான் போய்க் காதை வைத்தபோது வயிற்றில் சத்தமே இல்லை. வலப்பக்கம் போய்க் கேட்டேன், அங்கேயும் இல்லை. அபீபி முன்காலால் தரையைப் பிறாண்டியது, திரும்பித் தன் விலாவையே பார்த்தது. குதிரை விளையாடுகிறது என்று நினைத்துச் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து காதை வைத்தார். "வயிறு அடைச்சிருக்கு" என்றார். கட்டை அவிழ்த்து, படுத்துப் புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று குதிரையைக் கீழே படுக்க விடாமல், தெருவில் மேலும் கீழுமாக நடத்தத் தொடங்கினார்.

பைக்கில் வந்து இறங்கிய மாட்டு டாக்டர் இளவயதுக்காரர். "குதிரையப் படிக்கிற காலத்துல பாத்ததுதான், ஆனாலும் பாத்திரலாம்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, யாரோ பெரிய டாக்டரிடம் போனில் கேட்டுக்கேட்டு வேலையை ஆரம்பித்தார். தோள்வரை உறை மாட்டிக்கொண்டு அவர் கையை எங்கே விட்டார் என்பதைப் பார்த்த பிள்ளைகள் ஒரு மாதத்துக்கு வேறெதுவும் பேசவில்லை. ஊசி போட்டார். மூக்கு வழியாக நீளக் குழாயை இறக்கி, எண்ணெய் போன்ற மருந்தைத் தண்ணீரோடு ஊற்றினார். மூக்கில் ஊற்றினால் வயிற்றுக்கு எப்படிப் போகும் என்று நான் கேட்டதற்கு, அந்த நேரத்திலும் நின்று, தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"என்னத்த தின்னுச்சு?" என்று அவர் கேட்டபோது, புல்லும் கொள்ளும் தவிர வேறொன்றும் இல்லை என்று சித்தப்பா சத்தியம் செய்தார். அதற்குள் தெருவே அங்கே கூடியிருந்தது.

"நான் ஒரு துண்டு மடல்தான் குடுத்தேன்" என்றாள் தங்கபாய் மாமி.

"நானும் ஒரு துண்டுதான்" என்றது இன்னொரு குரல். அப்படியே தெரு முழுக்க ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு துண்டு புறப்பட்டு வந்தது. எல்லாம் சேர்ந்தால் ஒரு மரத்துச் சக்கை தேறும்.

"குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ள போனது வெளிய வர ஒரே வழிதான். லத்தி போட்டா பொழச்சுது. நடத்துங்க" என்றார் டாக்டர்.

சித்தப்பா யாரையும் திட்டாமல் கயிற்றைக் கையில் எடுத்தார். அப்போது வாசலில் நின்ற சித்தி திடீரென்று அழத் தொடங்கினாள். "நானும் குடுத்தேன். ஒங்களுக்குத் தெரியாம, கம்புல குத்தி, தூர நின்னு குடுத்தேன். இந்த ஊரு சாப்பாடு ருசிச்சா அது இஞ்சயே நிக்கும்னு நெனச்சேன்." சித்தப்பா கயிற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். குதிரைக்காக அவள் குதிரைக்குக் கொடுக்கவில்லை என்பது சின்னப் பெண்ணான எனக்கே புரிந்தது. "பேசாம இரி. நீ அழுதா அது போடுமா?" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி நடத்தத் தொடங்கினார்.

அன்று பகல் முழுவதும் தெருவில் ஒரே கேள்விதான். குழாயடியில், கடையில், கோயில் பெருக்கப் போன பெண்கள் நடுவில், "போட்டுதா?" "இல்ல, இன்னும் போடல்ல." பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் வீட்டுக்குப் போகுமுன் "அபீபி போட்டுதா?" என்றார்கள். சித்தப்பா ஓய்ந்தால் அப்பா நடத்தினார், அப்பா ஓய்ந்தால் வேறொருவர். நான் இடையிடையே ஓடிப்போய்க் காதை வைத்தேன். வெயில் சாயும் நேரத்தில், மிக ஆழத்தில், நாற்காலி மெல்ல நகர்ந்தது. "கேக்குது! கேக்குது!" என்று நான் கத்தியதை முதலில் யாரும் நம்பவில்லை.

சற்று நேரத்தில் அபீபி ஓரிடத்தில் நின்றது. வாலைத் தூக்கியது. தங்கபாய் மாமியின் வீட்டு கேட்டுக்கு முன்னால், எப்போதும் போடுகிற அதே இடத்தில், போட்டது.

"போட்டாச்சு மக்களே! எம் முத்தத்துல போட்டாச்சு!" என்று மாமி கையைத் தட்டிக் கூவியதைப் போல ஒரு சந்தோஷக் குரலை நான் அதன்பின் அதிகம் கேட்டதில்லை. சித்தப்பா குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அரபியில் என்னவோ சொன்னார். சித்தி முதல்தடவையாகக் கிட்டே வந்து அதன் நெற்றியைத் தொட்டாள்.

அபீபி பிறகும் பல வருடங்கள் இருந்து, சித்தப்பாவின் மகளுக்குச் சவாரி காட்டிவிட்டு, வயதாகித்தான் போனது. சித்தப்பா கல்ஃபுக்குப் போகவே இல்லை. லாயம் இருந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது, மடல் வெட்டிப் போட ஒரு மாடும் தெருவில் இல்லை. குதிரை வைத்திருக்கிற மாவட்டத்துக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. யார் குதிரைக்கு லாடம் கழன்றது, எந்தக் குதிரைக்கு வயிறு பிடித்தது என்ற செய்திகளெல்லாம் அதில் வரும். குதிரை இல்லாத ஒரே உறுப்பினர் சித்தப்பாதான். லத்திப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து அபிப்பிராயம் சொல்வார்.

போன மாதம் அவருக்கே வயிற்றில் அடைப்பு என்று ஆபரேஷன் செய்தார்கள். டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டபோது, "கேக்குதா?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். "கேக்குது" என்றார் அவர். அதற்குள் ஊரிலிருந்து போன். நடமாட முடியாத தங்கபாய் மாமிதான். சித்தி ஸ்பீக்கரில் போட்டதும், வார்டு முழுக்கக் கேட்கும்படி, "மக்ளே, ஜாண்றோஸ் போட்டானா?" என்றாள். "சிரிக்க வைக்காதிய, தையலு வலிக்குது" என்று சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

பார்க்க வந்த யாரோ ஒரு பை நிறைய வருக்கைச் சக்கைச் சுளை கொண்டு வந்து மேசைமேல் வைத்திருந்தார்கள். வார்டே மணத்தது. சித்தி பையை எடுத்து என் கையில் திணித்தாள்.

"இத நீ கொண்டு போ மக்கா. இவரு இஞ்ச நிக்கணும்."