ஒண்ணுமாகாதார்

"ஒண்ணும் ஆகாதுங்க. மடக்கி ஒரு உதறு உதறுங்க, சரியாயிடும்" என்று பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார் அவர். காற்றில் தலைகீழாகப் பிரிந்த குடை. கம்பிகள் இரண்டு ஒடிந்து தொங்குகின்றன. குடைக்காரர் அதைக் குப்பைத் தொட்டியில் செருகிவிட்டு நனைந்துகொண்டே பேருந்தில் ஏறுகிறார். இவரும் பின்னாலேயே ஏறுகிறார். நனைந்தால் சளி பிடிக்குமே என்ற கவலை அந்த மனிதருக்கு வருவதற்குள், அதற்கான ஆறுதலையும் முன்கூட்டியே சொல்லி முடித்துவிடுகிறார்.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. குட்டையான உருவம், கனத்த தோள், இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து. ஆள் வருவதற்கு முன்பே சாவிச் சத்தம் வந்துவிடும். இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுகளிலிருந்து ஆட்களை வெளியே இழுத்துப் போட்டே பாதி வாழ்க்கை ஓடிவிட்டது. கதவிடுக்கில் வாயை வைத்து, "ஒண்ணும் ஆகாது! அஞ்சே நிமிஷம்! உள்ள எத்தனை பேரு? குழந்தை இருக்கா? எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று கத்திக் கத்தியே அந்த வாக்கியம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் 'ஒண்ணுமாகாதார்'. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

வீட்டில் இந்த மந்திரம் எப்போதோ காலாவதியாகிவிட்டது. "பால் பொங்கி அடுப்பே அணைஞ்சாலும் பக்கத்துல நின்னுக்கிட்டு ஒண்ணும் ஆகாதும்பாரு. துடைக்கிறது யாரு?" என்பது மனைவியின் கேள்வி. மகளின் தேர்வு முடிவு வந்த அன்று காலையிலிருந்தே வீடு முழுக்க ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது என்று உலாத்தினார். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு மகள் நிதானமாகத் திரும்பி, "அப்பா, ஆயிடுச்சு. ரெண்டு பேப்பர் போச்சு" என்றாள். அதற்கும் அவர் அதையேதான் சொன்னார்.

இப்படிப்பட்டவரைத்தான் கம்பெனி, பார்த்துப் பார்த்துத் தேடியதுபோல, மனநல ஆய்வு மையம் ஒன்றின் நான்கு மாடிக் கட்டிடத்துக்கு அனுப்பிவைத்தது. அங்கே அவருடைய வேலை, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லிஃப்டை நடுவழியில் நிறுத்துவது. "ஓடாததை ஓட வைக்கத்தான் இவ்வளவு நாளா காசு குடுத்தாங்க. ஓடுறதை நிறுத்துறதுக்கும் காசு தர்றாங்கன்னா, காலம் நல்லாத்தான் இருக்கு" என்று முதல் நாள் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார்.

மூடிய இடம் என்றாலே நெஞ்சு படபடக்கிறவர்களுக்கான ஆய்வு அது. பாதிப் பேரை நிஜ லிஃப்டில் ஏற்றி, நடுவில் நிறுத்தி, பயத்தோடு கொஞ்ச நேரம் இருக்கப் பழக்குவார்கள். மீதிப் பேர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை முழுக்க மூடும் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, அதற்குள் தெரியும் பொய் லிஃப்டில் ஏறுவார்கள். இரண்டில் எது மனத்தில் நிலைக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். பொய் லிஃப்டே போதும் என்று தெரிந்துவிட்டால் மருத்துவமனையே இல்லாத ஊர்களுக்கும் அந்தக் கருவியைத் தபாலில் அனுப்பிவிடலாம்.

ஒண்ணுமாகாதாரும் அதை ஒருமுறை மாட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கிரீஸ் வாசனை இல்லையே" என்று குறை சொன்னார். உள்ளே கம்ப்யூட்டர் வரைந்த ஒரு பயணி, லிஃப்ட் நின்றதும் நெற்றி வியர்த்துக் கையைப் பிசைந்தான். இவர் நாற்காலியில் இருந்தபடியே காற்றில் கையை நீட்டி, அவன் தோளைத் தட்டுவதுபோலத் தட்டி, "ஒண்ணும் ஆகாது தம்பி" என்றார். அறையில் இருந்த ஆராய்ச்சி மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆய்வை நடத்தும் உளவியல் நிபுணர் மட்டும் சிரிக்கவில்லை. இந்த மனிதரால் நமக்கு ஒரு பிரச்சினை வரப்போகிறது என்று அவருக்கு அப்போதே பட்டிருக்க வேண்டும்.

நிபுணர் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். ஓட்டப்பந்தய ஷூ, விறுவிறு நடை, சுருக்கமான பேச்சு. மெக்கானிக் அவரை மேடம் என்பார். அவர் மெக்கானிக்கை அண்ணே என்பார்.

"அண்ணே, இங்க ஒரே ஒரு விதிதான். யாருக்கும் ஆறுதல் சொல்லக் கூடாது."

மூச்சு விடாதே என்று யாரோ சொல்லிவிட்டதுபோல அவரைப் பார்த்தார் மெக்கானிக். "ஏன் மேடம்? பாவம், பயப்படுறாங்களே?"

"பயப்படட்டும். பயத்தோடயே நின்னு, தான் நினைச்ச கெட்டது எதுவும் வரலைன்னு அவங்களே பார்க்கணும். நாம சொல்லிட்டா அவங்க பார்க்க மாட்டாங்க. நம்ம வாயைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பாங்க."

தலையை ஆட்டினார். புரிந்த ஆட்டல் இல்லை, சம்பளத்துக்கான ஆட்டல். மொட்டை மாடியை ஒட்டிய மோட்டார் அறைதான் அவருடைய இடம். லிஃப்டுக்குள் என்ன பேசினாலும் அங்கே இருக்கும் இன்டர்காமில் கேட்கும். பட்டனை அழுத்தினால் இவரும் பேசலாம். பேசக் கூடாது என்பதால் பட்டனுக்கு மேல் ஒட்டுநாடா ஒட்டிவைத்திருந்தார்கள். உள்ளே இருப்பவருக்கு முடியாமல் போனால் மணியை அடிக்கலாம். மணி கீழ்த்தளத்தில் மேடத்துக்கும் கேட்கும். அவர் கையில் இருக்கும் சுவிட்சைத் தட்டினால் லிஃப்ட் இறங்கிவிடும்.

கொஞ்ச நாள் அவரும் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தார். ஸ்டெனோ அக்கா வரும்வரை.

அந்த அம்மாள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். கொலை, கொள்ளை, விவாகரத்து எல்லாவற்றையும் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் உட்கார்ந்து எழுதித் தள்ளியவர். லிஃப்டில் மட்டும் ஏற மாட்டார். நீதிமன்றம் பழைய கட்டிடத்தில் இருந்தவரை அது யாருக்கும் தெரியாது. புதிய கட்டிடத்தில் அவருடைய அறை பதினோராவது மாடிக்குப் போனது. ஓராண்டு காலம் தினமும் படியேறினார். பிறகு முழங்கால் மக்கர் செய்தது. இனி படியேறினால் நடக்கவே முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மாதக் கடைசிக்குள் மேலே வந்து வேலை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் விருப்ப ஓய்வு என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். தனியாக வாழ்கிறவர். அந்த வேலையை விட்டால் காலையில் எழுந்து புறப்பட்டுப் போக அவருக்கு வேறு இடம் கிடையாது.

முதல் இரண்டு முறை மேடமும் அவரோடு லிஃப்டுக்குள் நின்றார். மூன்றாம் முறை தனியாக. லிஃப்ட் நின்ற உடனேயே இன்டர்காமில் மூச்சிரைப்பு கேட்டது. பிறகு கதவைத் தட்டும் சத்தம். பிறகு சின்னக் குரலில், "யாராவது இருக்கீங்களா?"

மெக்கானிக்கின் விரல் அவரைக் கேட்காமலே ஒட்டுநாடாவைப் பிய்த்தது. "அக்கா, ஒண்ணும் ஆகாது. நான் மேலதான் இருக்கேன்."

தட்டும் சத்தம் சட்டென்று நின்றது. "யாரு, தம்பியா? இருக்கீங்களா? அப்பச் சரி" என்றார் அந்த அம்மாள். மீதி நேரம் முழுவதும் அமைதியாக நின்றுவிட்டு, சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். மெக்கானிக்கின் கால் தரையில் பாவவில்லை. இவ்வளவு படித்தவர்கள் வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவதைத் தாம் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டதாக அன்று இரவு சாப்பாட்டின்போது மனைவியிடம் அளந்தார்.

அடுத்த வாரம் அந்த அம்மாள் நொண்டிக்கொண்டு வந்தார். தைரியம் வந்துவிட்டதென்று நம்பி, நேராக நீதிமன்றத்து லிஃப்டில் ஏறியிருக்கிறார். கதவு மூடியது. அங்கே மேலே தம்பி இல்லை. இரண்டாவது மாடியிலேயே பாய்ந்து வெளியேறி, மீதி ஒன்பது மாடியையும் அழுதுகொண்டே படியேறியிருக்கிறார். முழங்கால் பந்துபோல வீங்கிவிட்டது.

மேடம் மெக்கானிக்கைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "அண்ணே, அவங்க லிஃப்டை நம்பக் கத்துக்கலை. உங்களை நம்பக் கத்துக்கிட்டாங்க. இனி அவங்க போற இடமெல்லாம் நீங்க கூடப் போக முடியுமா?" என்றார்.

மெக்கானிக் கருவிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்று பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தலைவலி என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டபோதும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். தம்முடைய ஆறுதல் ஒருவர் காலை வீங்க வைக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்கு அவர் வாயைக் கண்டே பயம் வந்தது.

மாதக் கடைசிக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு முறைதான் பாக்கி. லிஃப்டில் ஏறும் முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என மேடம் வழக்கம்போலக் கேட்டார். "மேல தம்பி இருந்தா ஒண்ணுமில்லை. யாருமே இல்லைன்னா எனக்கு மூச்சு நின்னுரும்" என்றார் ஸ்டெனோ அக்கா.

லிஃப்ட் மூன்றாவது மாடியைத் தாண்டியதும் மெக்கானிக் நிறுத்தினார்.

"தம்பி, இருக்கீங்கதானே?" என்றது இன்டர்காம். கொஞ்சம் பொறுத்து, "பேச வேண்டாம். சும்மா ஒரு தட்டுத் தட்டுங்க போதும்." பிறகு கெஞ்சல். பிறகு வசவு. நீதிமன்றத்தில் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டு வைத்திருந்த வசவெல்லாம் வந்தது. மெக்கானிக்கின் பரம்பரையையே வரிசையாக நிற்கவைத்துக் கேட்டார். பிறகு அழுகை. மெக்கானிக் வலது கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அவர் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கையை எடுத்தால் அது எங்கே போகும் என்று தெரியாததால் துடைக்கவில்லை.

அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. வசவைவிட அது கொடுமையாக இருந்தது. மூச்சுச் சத்தமாவது வருகிறதா என்று காதை இன்டர்காமோடு ஒட்டிவைத்தார்.

மெதுவாக ஒரு குரல் கிளம்பியது. தட்டையான, அலுவலகக் குரல். "சாட்சி லிஃப்டுக்குள் நிற்கிறார். சாட்சிக்கு வியர்க்கிறது. மேலே யாரும் பதில் சொல்லவில்லை." ஒரு இடைவெளி. "சாட்சிக்கு மூச்சு நின்றுவிடும் என்று தோன்றுகிறது. இன்னும் நிற்கவில்லை." நீண்ட இடைவெளி. "சாட்சிக்குக் கால் வலிக்கிறது. சாட்சி உட்காருகிறார்." அந்த அம்மாள் தம் பயத்தை வாக்குமூலமாகச் சொல்லிக்கொண்டே போனார். கடைசிவரை மணி அடிக்கவில்லை. நேரம் முடிந்ததும் கீழே இருந்து மேடம் லிஃப்டை இறக்கினார்.

மெக்கானிக் சாவிக்கொத்தைக் கையால் பொத்திக்கொண்டு படிகளில் இறங்கினார். கடைசிப் படியில் கொஞ்சம் நின்றார். பிறகு பின்கதவு வழியாக வெளியேறி, கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு, தெருவிலிருந்து வருகிறவர்போல முன்வாசல் வழியாக உள்ளே வந்தார்.

ஸ்டெனோ அக்கா லிஃப்ட் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது. "தம்பி, உண்மையைச் சொல்லுங்க. மேலதானே இருந்தீங்க? எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

ஆள் உள்ளே இருக்கும்போது மோட்டார் அறையைவிட்டு அவர் ஒருநாளும் நகர்ந்ததில்லை. ஒருமுறை சொந்த மைத்துனன் கல்யாணத்துக்கே தாலி கட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார். ஊரில் அவர் பீற்றிக்கொள்ளும் பெருமை அது ஒன்றுதான்.

"நானா? மன்னிச்சுக்குங்க அக்கா. லிஃப்டை நிறுத்திட்டு, எதிர்த்த கடைக்கு டீ குடிக்கப் போயிட்டேன். இப்பத்தான் வர்றேன். ஏன், ஏதாவது பேசினீங்களா?"

மேடம் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு மீண்டும் எழுதத் தொடங்கினார்.

"டீயா?" ஸ்டெனோ அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "உள்ள ஒருத்தி உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், உங்களுக்கு டீ கேக்குதா? பொறுப்பு வேண்டாம் மனுஷனுக்கு? அப்ப மேல..." என்று பொரிந்துகொண்டே வந்தவர் பாதியில் நின்றார். லிஃப்டைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப மேல யாருமே இல்லையா?"

"யாருமில்லைக்கா."

"அத்தனை நேரமும்?"

"அத்தனை நேரமும்."

அந்த அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு, "மேடம், நான் இன்னொரு தடவை மேல போயிட்டு வர்றேன். யாரும் கூட வர வேண்டாம்" என்று உள்ளே போய், பொத்தானைத் தாமே அழுத்தினார். மூடுகிற கதவின் இடுக்கு வழியாக மெக்கானிக்கை ஒரு முறை முறைத்தார்.

மெக்கானிக் கைக்குட்டையை எடுத்து, குடிக்காத டீயை உதட்டிலிருந்து நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.