அரைப் பக்கம் கேட்ட பட்டறை

மும்பை லோக்கலில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நான்கு பேர் உட்காருவோம். நான்காவது ஆள் எதிரில் வந்து நின்றால் போதும். மூன்று பேரும் மொபைலிலிருந்து கண்ணை எடுக்காமலே ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்துவிடுவோம். அவருக்குப் பாதி உட்காரக் கிடைக்கும், மீதி அந்தரத்தில். முப்பது வருடம் ஹார்பர் லைனில் போய்வந்ததில் இந்த நகர்தல் என் மூளையைக் கேட்காமல் இடுப்பே செய்கிற வேலையாகிவிட்டது. அதே இடுப்போடு நான் ஐரோப்பியர்களோடு ஒரு கூட்டு ஆராய்ச்சிக்குப் போய் உட்கார்ந்தேன். நான் நகர்ந்தேன். அங்கே வேறு ஒருவரும் நகரவில்லை. நான் விழுந்திருந்தால்கூடச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பக்கத்தில் இருந்த மனிதரைத் தள்ளிவிட்டேன். அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

செம்பூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் கருவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வீடு மாட்டுங்காவில். ஆறு நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு கருவி செய்வதாகத் திட்டம். கையடக்கமானது, பிளாஸ்டிக் துண்டில் வைத்தால் அது என்ன ரகம் என்று சொல்லிவிடும். ஐரோப்பாவின் பணம். விண்ணப்பம் கோரிய அழைப்பில் இந்திய நிறுவனங்களும் சேரலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவன் நான்.

கருவிக்கு யாராவது கற்றுக்கொடுக்க வேண்டுமே. அதற்குத்தான் தாராவி. பழைய பிளாஸ்டிக்கை ரகம் பிரித்து, அரைத்து, உருக்கி, மணி மணியாகத் 'தானா' ஆக்கும் பட்டறைகளில் ஒன்று எனக்குப் பல வருடப் பழக்கம். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவரும் அவருடைய ஆட்களும் ஒரு துண்டைச் சிமெண்ட் தரையில் போட்டுச் சத்தம் கேட்பார்கள். வளைத்து, வெளுக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கும் பிடிபடாவிட்டால் லைட்டரில் காட்டி மோந்து பார்ப்பார்கள். என் ஆய்வகத்தில் அரை மணி நேரம் பிடிக்கும் வேலை அங்கே மூன்று விநாடி.

விண்ணப்பம் மொத்தம் நாற்பது பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அதில் அரைப் பக்கம் இந்தப் பட்டறைக்கு என்று முதல் வரைவிலேயே எழுதிவிட்டேன். பட்டறை முழுப் பங்குதாரர். அதன் ஆட்களின் வேலை நேரம் ஆராய்ச்சி நேரமாகக் கணக்கில் வரும். கருவி தயாரானால் முதலில் இங்கேதான் வரும். பாய் என்னிடம் கேட்டது பெயர் ஒன்றைத்தான்.

"பட்டறைப் பேரப் போட்டுத்தான எழுதிருக்கீரு, ப்ரொபசரே?"

"அரைப் பக்கம் பாய். உங்க பேர், பட்டறை பேர், எல்லாம்."

"அப்பச் சரி. எப்ப வேணும்னாலும் வாரும்."

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு வீடியோக் கூட்டம். ஒருங்கிணைப்பாளர் ஒரு பேராசிரியை, குளிர் தேசத்துக்காரர், குரலும் அந்தத் தட்பவெப்பம்தான். அரைப் பக்கம் கூடுதலாக இருக்கிறது, யாரால் குறைக்க முடியும் என்று கேட்டார். திரையில் அத்தனை முகங்கள். ஒன்றும் அசையவில்லை. ஒருவர் காபி குடித்தார். அந்த மௌனம் எனக்கு எதிரில் வந்து நிற்கும் ஆளைப் போல இருந்தது. என் வாய், என்னைக் கேட்காமல், "வீ வில் அட்ஜஸ்ட்" என்றது.

நான் நினைத்தது இதுதான்: நான் ஒரு வரி நகர்ந்தால் அவர்களும் ஆளுக்கு ஒரு வரி நகர்வார்கள். அவர் "அருமை" என்றார். கூட்டம் முடிவதற்குள் என் அரைப் பக்கம் திரையில் என் கண் முன்னாலேயே நீல நிறமாகி, மறைந்து, அந்த இடத்தில் ஒரே ஒரு வரி முளைத்தது: உள்ளூர் முறைசாராக் கழிவுத் தொழிலாளர்கள் மாதிரிகளை வழங்குவார்கள். அவ்வளவுதான்.

ஆனால் பன்னிரண்டாம் பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு ஒரு படம் இருந்தது. ஐந்து வண்ணத்தில் ஐந்து வட்டம், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறி. விண்ணப்பம் எழுதிக்கொடுப்பதற்கென்றே கூலிக்கு அமர்த்திய ஓர் ஆலோசகர் வரைந்தது. எது எதற்குள் போகிறது, ஏன் திரும்பி வருகிறது என்று ஆறு நாட்டிலும் ஒருவருக்கும் தெரியாது. அதை ஒருவரும் தொடவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் என் மனைவி, "நீங்க ஏன் சும்மா இருந்தீங்க?" என்று கேட்டாள். "மரியாதைக்கு" என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

கடைசி நாள். ஐரோப்பாவில் மாலை ஐந்து மணிக்குக் கதவு மூடும், இங்கே எட்டரை. பட்டறையிலிருந்து ஒத்துழைப்புக் கடிதம் ஒன்றில் கையெழுத்து வேண்டும். காலை பதினொரு மணிக்குக் கடிதத்தோடு போய் நின்றேன். பாய் பேனாவைத் திறந்துவிட்டார். அவருடைய மகள்தான் தடுத்தாள். பி.காம். முடித்துவிட்டுப் பட்டறையின் ஜிஎஸ்டி, பில், வங்கி எல்லாவற்றையும் அவள்தான் பார்க்கிறாள்.

"சார், அப்ளிகேஷனக் கொஞ்சம் காட்டுங்களேன். எதுக்குக் கையெழுத்துப் போடுறோம்னு பாத்துக்கிறேன்."

"நெட் ஸ்லோவா இருக்கும்மா."

"இங்க வைஃபை இருக்கு, சார்."

பையில் எப்போதும் இருக்கும் அசிடிட்டி மாத்திரையைத் தேடினேன், மூக்குக்கண்ணாடித் துணி வந்தது. ஃபைலை அனுப்பினேன். அவள் விரலால் தள்ளித் தள்ளி நாற்பது பக்கத்தையும் பார்த்தாள்.

"வாப்பா, நம்ம பேரு எங்கயும் இல்ல."

"நல்லாத் தேடுட்டி."

"தேடிட்டேன். லோக்கல் இன்ஃபார்மல் வேஸ்ட் வொர்க்கர்ஸ் சாம்பிள் குடுப்பாங்களாம். நாமதான் அது."

"இன்ஃபார்மல்னா?"

"ரெஜிஸ்டர் இல்லாதவங்க. கணக்குவழக்குல வராதவங்க."

பாய் எழுந்து சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஜிஎஸ்டி சான்றிதழைக் கழற்றி என் மடியில் வைத்தார். "அப்ப இது என்ன வே, கல்யாணப் பத்திரிகையா?"

சட்டத்தின் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது.

"நீரு இதப் படிச்சீரா?"

"படிச்சேன், பாய்."

"படிச்சிட்டுத்தான் கையெழுத்துக்கு வந்தீரு."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "இங்க வாரத்துக்கு ஒரு சர்வே. இடிச்சுக் கட்டப் போறாங்க. யாரு பட்டறைக்கு மாத்து இடம், யாரு வெளியன்னு எழுதுதான். நாளைக்கு ஒருத்தன் இந்தக் காயிதத்தத் தூக்கிட்டு வருவான். பாரு, நீயே கையெழுத்துப் போட்டிருக்க, நீ கணக்குலயே இல்லாதவன்னு. அப்ப நீரு வந்து சாட்சி சொல்லுவீரா?" பேனாவை மூடினார். "பேரு இல்லாம இனி ஒருத்தனும் எம் படியேறப்படாது. உம்மையும் சேத்துத்தான்."

அப்போது எனக்கு வந்த யோசனையைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த சந்தில் வேறு பட்டறை இருக்கிறது, அங்கே மகள் கிடையாது, கேட்காமல் போட்டுவிடுவார்கள். சத்தியமாக அப்படித்தான் தோன்றியது. வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பியும் பார்த்தேன். கல்லூரியில் நான் ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவின் உறுப்பினர் வேறு.

அதை நினைத்த விநாடியில்தான் கோபம் வந்தது. முதலில் என் மேல். பிறகு வரிசையாக எல்லார் மேலும். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டேன். அரைக்கும் இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "மெஷின நிறுத்துங்கடே, ப்ரொபசர் சண்டை போடப் போறாரு" என்றார் பாய். ஆறு பேர் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். என் வாழ்க்கையில் இவ்வளவு கவனமான வகுப்பு எனக்கு அமைந்ததில்லை.

பட்டறை பங்குதாரராக வர வேண்டும், அரைப் பக்கம் திரும்ப வேண்டும் என்றேன். இடமில்லை என்றார். படத்தை எடுங்கள் என்றேன். கண்ணுக்கு அது அவசியம் என்று ஆலோசகர் கருதுவதாகச் சொன்னார்.

"இவர்கள் கையெழுத்து இல்லாவிட்டால் பிளாஸ்டிக் இல்லை. பிளாஸ்டிக் இல்லாமல் அந்த ஐந்து வட்டமும் எதைச் சுற்றும்?"

"நீங்கள்தானே இடம் கொடுத்தீர்கள்?"

"எல்லாரும் கொஞ்சம் நகர்வீர்கள் என்று நினைத்தேன்."

"நாங்கள் ஏன் நகர வேண்டும்? உங்களுக்குச் சம்மதம் என்று நீங்களே சொன்னீர்கள்."

அவர் சொன்னது உண்மை. அதுதான் இன்னும் எரிந்தது. என் கல்லூரியையும் எடுத்துவிடுங்கள், நாற்பது பக்கத்துக்கும் படமே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அந்தப் பக்கம் மௌனம். இந்தத் தடவை நான் அதை நிரப்பவில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில், பத்து நிமிடம் கொடுங்கள் என்று போனை வைத்தார்.

அந்தப் பத்து நிமிடத்தில் மகள் சும்மா இருக்கவில்லை. பங்குதாரர் ஆவதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஐரோப்பியர்களின் இணையதளத்தில் பதிந்து ஒன்பது இலக்க எண் வாங்க வேண்டும். சான்றிதழை என் மடியிலிருந்து எடுத்துப் பார்த்துப் பார்த்து மொபைலில் தட்டினாள்.

"நம்பர் வந்திருச்சு, வாப்பா."

"அதுக்குள்ளயா? ரேஷன் கார்டுல உம் பேரச் சேக்க ரெண்டு வருஷம் அலைஞ்சேன்."

ஒருங்கிணைப்பாளர் திரும்பக் கூப்பிட்டுச் சரி என்றார், படம் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியது. வட்டங்கள் அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன, யார் கண்ணுக்கும் தெரியாமல். அரைப் பக்கத்தை அங்கேயே, பாய் சொல்லச் சொல்ல, மகளும் நானும் எழுதினோம். நான் ஓரிடத்தில் ஆங்கிலத்தில் பாரம்பரிய அறிவு என்று போட்டேன். அவள் அதைத் தமிழில் சொன்னதும் பாய் முகத்தைச் சுளித்தார்.

"என்ன பாரம்பரியம்? எங்க வாப்பா மாவு யாவாரம். இது நான் பம்பாய்க்கு வந்து, தப்பான மாலக் கலந்து, ஏச்சு வாங்கிக் கத்துக்கிட்டது. டெஸ்டிங்னு போடும்."

டெஸ்டிங் என்று போட்டோம். கையெழுத்தும் வந்தது. விண்ணப்பம் ஏழரை மணிக்குப் போய்ச் சேர்ந்தது. நான் எட்டரை வரை திரையைப் பார்த்துக்கொண்டு, போனது திரும்பி வந்துவிடுமோ என்று உட்கார்ந்திருந்தேன்.

சில மாதம் கழித்து, திட்டம் தேர்வாகிவிட்டது. மதிப்பீட்டாளர்களின் அறிக்கையில் அந்த அரைப் பக்கத்தைத்தான் தனியாக எடுத்துச் சொல்லிப் பாராட்டியிருந்தார்கள். அன்று மாலையே ஒருங்கிணைப்பாளரின் வாழ்த்து மின்னஞ்சல்: தொடக்கத்திலிருந்தே தொழிலாளர்களோடு இணைந்து உருவாக்குவதுதான் எங்கள் நோக்கமாக இருந்தது. தொடக்கத்திலிருந்தே. கீழே ஐந்து வட்டமும், பழைய அளவைவிடப் பெரிதாக. மூன்று தடவை பதில் எழுதி மூன்று தடவை அழித்தேன். மூன்றாவதில் ஒரு கெட்ட வார்த்தைக்கு ஆங்கிலம் கிடைக்காமல் நின்றுவிட்டேன்.

அடுத்து ஒப்பந்தம். ஒவ்வொரு பங்குதாரரும் தனித்தனியாகக் கையெழுத்திட்டால்தான் பணம் கிளம்பும். எல்லாரும் இரண்டு நாளில் போட்டுவிட்டார்கள். ஒரு வாரமாகியும் ஒன்று மட்டும் வரவில்லை. ஒருங்கிணைப்பாளர் என்னைக் கூப்பிட்டார். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் எங்கோ 'முறைசாரா' என்ற பழைய சொல் தங்கிவிட்டதாம், அதை மாற்றினால்தான் கையெழுத்து என்று பாய் சொல்கிறாராம், வெறும் ஒரு சொல், நீங்கள் கொஞ்சம் பேசி அவரைச் சமாளிக்க முடியுமா?

"அவர் உங்கள் பங்குதாரர். படிவத்தில் எண் இருக்கிறது. அவர் மகளின் ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பாய் கூப்பிட்டார்.

"அந்தம்மா பேசுச்சு. சொல்ல மாத்திட்டாங்க. போட்டுட்டேன். மக அத்தன பக்கத்தையும் ரெண்டு தரம் வாசிச்சிச் சொன்னா. நீரு போட்டுட்டீரா, இல்ல இன்னும் படிச்சிக்கிட்டுதான் இருக்கீரா?"

ஒப்பந்தம் வந்த அன்றைக்கே நான் போட்டிருந்தேன். ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

"படிச்சிட்டு இருக்கேன், பாய்" என்றேன்.