கூமுட்டையின் பெட்டி

நாற்காலியில் உட்காருவதற்கு முன் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது மைதிலியின் வழக்கம். சூடு ஏறியிருந்தால் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைப்பார். "மொதல்ல அதுக்குக் காத்து, அப்பறம் எனக்கு" என்பார்.

வயது நாற்பத்து மூன்று. நாமக்கல்லில் ஒரு முட்டை மண்டியின் அலுவலகம் அவர் கையில் ஓடுகிறது. கேரளாவுக்குப் போன லாரி எந்த டீக்கடையில் நிற்கும், எந்த டிரைவர் போனை எடுக்க மாட்டார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மாலையில் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு, ஹெட்செட்டை மாட்டினால் ஆள் வேறு. துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் அவருடைய பெயர் 'கூமுட்டை'. அவரே வைத்துக்கொண்டது.

"பேரப் பாத்துச் சிரிக்கறவனுங்க குறி பாக்க மாட்டானுங்க. அதுக்குத்தான் அந்தப் பேரு."

ஐந்து பேர் கொண்ட அணி. தலைவி தீபிகா, குமாரபாளையத்தில் கல்லூரி மாணவி. இருவரும் நேரில் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். எதிரி ஒளிந்திருக்கும் அறைக்குள் முதலில் நுழைவது மைதிலியின் வேலை. ஒன்பது வருடத்துப் பழைய கம்ப்யூட்டருக்கு அந்த நேரம் பார்த்துத்தான் மூச்சு முட்டும். திரை உறையும். திரும்ப உயிர் வரும்போது கூமுட்டை செத்துக் கிடக்கும்.

ஒரு மாலை தீபிகா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஞாயித்துக்கெழம கோயமுத்தூர் டீமோட மேட்ச்சு. உங்க சிஸ்டம் நின்னு நின்னு போகுது. இந்த ஒருக்கா நீங்க ஆடாம வெளிய உக்காந்து பாருங்க."

மைதிலிக்குச் சுருக்கென்றது. குரலில் காட்டவில்லை. "ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் நாளு கெடக்குது சாமி. நீ ஆள மாத்தாத. நான் பொட்டியச் சரி பண்றேன்."

மறுநாளே சேலத்துக்குப் பஸ் ஏறினார். கைப்பையில் தையல்காரர் டேப் ஒன்று இருந்தது. கடைக்காரர் குமாரசாமி, கலர் கலராக விளக்கு எரியும் புதுப் பெட்டி ஒன்றைத் தட்டிக் காட்டினார். "இது ஒண்ணே போதும்ங்க அக்கா. பழச அப்படியே கெடாசிப்போடுங்க."

"விளக்கெரியறதுக்கு ஊட்டுல சீரியல் செட்டு இருக்குதுங்க தம்பி. என்ற பொட்டியோட மதர்போர்டு நல்லா இருக்குது. அதுல புது புராசஸரு உக்காருமில்ல?"

"உக்காரும். ஆனா மொதல்ல போர்டுக்குள்ள இருக்கற பயாஸ் சாஃப்ட்வேர அப்டேட் பண்ணோணும். நடுவுல கரண்ட் போச்சுன்னா போர்டு போச்சு. ரிஸ்க்குங்க."

"அத நான் பாத்துக்கறேன்."

புராசஸர் ஒன்று. மெமரி இரண்டு மடங்கு. பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி. கிராபிக்ஸ் கார்டு எடுக்கும்போது டேப் வெளியே வந்தது. வீட்டில் பெட்டியின் உள்நீளத்தை அளந்து மனதில் வைத்திருந்தார். மூன்று விசிறி வைத்த கார்டு அழகாகத்தான் இருந்தது; பெட்டிக்குள் போகாது. இரண்டு விசிறி வைத்த குட்டைக் கார்டை எடுத்தார். எல்லாம் முடிந்தது என்று எழுந்தவரைக் குமாரசாமி உட்காரவைத்தார்.

"பவர் சப்ளை பழசுதானுங்களே? இத்தனையவும் அது தாங்காதுங்க அக்கா."

மைதிலி நெற்றியில் தட்டிக்கொண்டார். அதை அவர் யோசிக்கவே இல்லை. "அட, ஆமாங்க தம்பி! நீங்க சொல்லாட்டி ஊட்டுல பொகையல்ல வந்திருக்கும்!" என்று கடை அதிரச் சிரித்துவிட்டு, அதையும் சேர்த்துக் கட்டச் சொன்னார்.

சனிக்கிழமை காலை பயாஸ் வேலை. கம்ப்யூட்டரை இன்வெர்ட்டர் லைனில் மாட்டி, பட்டனை அழுத்தினார். திரையில் பட்டை மெல்ல நகர்ந்தது. பாதி தாண்டியபோது கரண்ட் போனது. இன்வெர்ட்டர் 'டிக்' என்று பிடித்துக்கொண்டது, பட்டை நிற்கவில்லை. ஆனால் சமையலறையில் கணவர் அருணகிரி சட்னிக்குத் தேங்காயைப் போட்டு மிக்ஸி மூடியை அழுத்திக்கொண்டிருந்தார். மிக்ஸியும் அதே லைனில்தான்; அவர் சுவிட்சைத் தட்டினால் இன்வெர்ட்டர் சுமை தாங்காமல் விழும். பெட்டியும் கூடவே விழும்.

"மாமா! கைய எடுங்க! மிக்ஸியப் போட்டுப்போடாதீங்க!"

யாருக்கோ ஷாக் அடித்தது போலக் கத்தல். அருணகிரி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி சமையலறையிலிருந்து வெளியே வந்து நின்றார். "எறக்கலாமா?" "இன்னும் இல்லீங்க." பட்டை முடிவைத் தொட்டு, திரை அணைந்து, மறுபடி வெளிச்சம் வந்தது. போர்டு பிழைத்தது. "இப்ப எறக்குங்க" என்றார் மைதிலி. அன்று இட்லிக்குச் சட்னி இல்லை, பொடிதான். 

புராசஸரை இரண்டு விரலால் பிடித்து மெல்லப் பொருத்தியபடி மைதிலி அருணகிரியிடம் சொன்னார். "கோழிக்குஞ்சுக்கு ஊசி போடற மாதிரிங்க. அழுத்தவும் கூடாது, பயப்படவும் கூடாது." பழைய பவர் சப்ளையை வெளியே எடுத்துப் பார்த்தபோது உள்ளே பல்லி முட்டை ஒன்று ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து மறுபடி ஒரு சிரிப்பு.

ஞாயிறு பிற்பகல். கடைசிச் சுற்றில் இரு அணிகளும் சமம். எதிரில் மூடிய கதவு. உள்ளே எத்தனை பேர் என்று தெரியாது. "அக்கா, ஓகேவா?" என்று தீபிகாவின் குரல் வந்தது. அதில் பயம் இருந்தது.

"கதவு என்னுது" என்று சொல்லிக்கொண்டே மைதிலி உள்ளே போனார். மூன்று பேர். திரை உறையவில்லை. தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது. முதல் ஆள் இடப்புறம், இரண்டாவது ஆள் பீரோவுக்குப் பின்னால். மூன்றாமவன் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்தது.

ஹெட்செட்டில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். தீபிகாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே: "அக்கா! இனி எவன் வந்தாலும் கதவு உங்களுதுதான்!"

மைதிலி மைக்கை அணைத்தார். இரண்டு விரல்களை நாக்குக்கு அடியில் மடித்துவைத்து, தெருநாய்கள் குரைக்கிற அளவுக்கு ஒரு விசில் அடித்தார். பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த அருணகிரி பதறி எழுந்து உட்கார்ந்தார். மைதிலி விரல்களை முந்தானையில் துடைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக்கைத் திறந்தார்.

"ம்... பரவால்ல. அடுத்த மேட்ச்சப் போடு சாமி."