பொட்டு வைத்த கண்ணாடிச் சக்கரம்

ஒரு பொருளைக் காப்பாற்றுவது என்றால் அதைப் பூட்டி வைப்பதா, தேய விடுவதா? தனக்கொடி டீச்சர் இதை வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் அவருடைய உத்தியோக காலம் முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே ஓடியது.

அவரைச் சிறந்த ஆசிரியை என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. கரும்பலகையில் அவர் எழுத்து நேராகப் புறப்பட்டுப் பள்ளத்தில் இறங்கும். பாதிப் பாடத்தில் ஆலைச் சங்கு ஊதினால் மீதியை மறந்துவிடுவார். முகம் மாறாமல் பொய்யும் சொல்வார். முதலியார்பேட்டையில் ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகள் படித்த நடுநிலைப் பள்ளியில் அவர் அறிவியல் டீச்சர்.

எழுபத்தெட்டில், சைகோனில் வாத்தியாராக இருந்து ஊர் திரும்பிய அந்துவான் அந்தப் பள்ளிக்கு ஒரு மரப்பெட்டியைக் கொடுத்தார். பிரெஞ்சு மரியாதையில் ஊர் அவரை 'முசியே' என்றுதான் கூப்பிடும். உள்ளே நுண்ணோக்கி, காந்தங்கள், கைப்பிடியைச் சுற்றினால் பொறி பறக்கும் மின்சார எந்திரம். எந்திரத்தில் இரண்டு கண்ணாடிச் சக்கரங்கள், இரண்டு பித்தளைக் குமிழ்கள்.

"பூஜை லீவு முடிஞ்சு தொறக்கற அன்னைக்கு வருவேன். பசங்க கை படலைன்னு தெரிஞ்சா, பெட்டி வேற பள்ளிக்கூடத்துக்குப் போயிடும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

தலைமையாசிரியர் ராமலிங்கம் நல்ல மனிதர். தொல்லையே அதுதான். எல்லாவற்றையும் கண்ணாடி அலமாரியில் அடுக்கிப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். பிள்ளைகள் வரிசையில் நின்று வெளியிலிருந்து பார்க்கலாம். கண்ணாடியில் மூச்சுப் பட்டால் பாவாடை என்ற பியூன் துடைத்துவிடுவார்.

"சார், முசியே வந்து கேப்பாரு."

"கேக்கட்டுமே டீச்சர். குடுத்த அன்னைக்கு இருந்த மாதிரியே பளபளன்னு இருக்கு. மனுஷன் குளுந்து போயிடுவாரு."

தனக்கொடி கெஞ்சிப் பார்த்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும் பார்த்தார். சாவி அசையவில்லை. கடைசியில் ஆயுத பூஜை வந்தது. ராமலிங்கமே அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் சரஸ்வதி படத்தின் முன் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் இட்டார். இரண்டு கண்ணாடிச் சக்கரங்களிலும் எட்டணா அகலத்துக்குப் பொட்டு.

தனக்கொடி கன்னத்தில் போட்டுக்கொண்டு மெல்ல ஆரம்பித்தார். "படைச்சதை மறுபூஜை பண்ணி உபயோகிக்கணும் இல்ல சார்? சும்மா எடுத்து உள்ள வச்சா படிப்பு வந்த வழியே போயிடுமாம். தவளக்குப்பத்துல ஒரு வாத்தியார் அப்படித்தான் செஞ்சாரு. அன்னையிலேர்ந்து அவருக்கு ஏழாம் வாய்ப்பாடே வரலையாம்."

முதல் பாதி ஊரறிந்த வழக்கம். மீதி அவர் அந்த நிமிஷத்தில் கட்டியது. ராமலிங்கம் உதட்டுக்குள் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "ஒரே ஒரு தடவை" என்றார்.

பள்ளி திறந்த அன்று தூறல். முசியே குடையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கற்பூரம் காட்டியதும் ஏழாம் வகுப்புக் கன்னியம்மாள் கைப்பிடியைச் சுற்றினாள். சக்கரம் சுழன்றது, பொறி மட்டும் வரவில்லை.

"பாத்தீங்களா? சரஸ்வதி அம்மாவுக்கே இஷ்டமில்லை" என்றார் ராமலிங்கம்.

"பொட்டுதான் சார் காரணம். தூறல் ஈரத்தை அது இழுத்து வச்சிருக்கு, அதுல மின்சாரம் ஒழுகிப்போகுது. தொடைச்சிட்டாப் போதும்."

"குங்குமத்தை அழிக்கறதா! சுமங்கலி பேசற பேச்சா டீச்சர் இது?"

முசியே குடையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். தனக்கொடிக்கு அடுத்த பொய் வரவில்லை.

கன்னியம்மாள்தான் சொன்னாள். "எங்கூட்ல வெள்ளிக்கெழமை குத்துவெளக்குப் பொட்டைத் தொடைச்சிட்டுத்தான் சார் புதுசு வெக்கறோம். தொடைக்காம வெச்சா எங்கம்மா என் முதுகுல வெப்பாங்க."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ராமலிங்கம் அவளைப் பார்த்தார், சரஸ்வதியைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் எதையும் பாக்கலை" என்றார்.

ஆளுக்கொரு துணியாகப் பொட்டைத் துடைத்தார்கள். தனக்கொடி பாவாடையிடம் சாம்பிராணிக் கரண்டியை வாங்கி, தணலைச் சக்கரங்களுக்குக் கிட்டே காட்டி ஈரத்தைப் போக்கினார். இம்முறை சுற்றியதும் குமிழ்களுக்கு நடுவே நீலப் பொறி சடசடத்தது.

"எல்லாரும் கையைக் கோத்துக்குங்க. சாரை மட்டும் ஏன் விடறீங்க?" என்றார் தனக்கொடி.

ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றிருந்த தலைமையாசிரியரின் விரலை, வரிசையின் கடைசிப் பெண் பணிவாகப் பற்றிக்கொண்டாள். முதல் பெண் குமிழைத் தொட்டாள். வரிசை மொத்தமும் துள்ளியது. ராமலிங்கம் அவர்களைவிட ஒரு சாண் உயரமாகத் துள்ளி, "யாரு கிள்ளினது?" என்று கத்தினார். முசியே பல்செட்டு நழுவும்வரை சிரித்தார். போகும்போது குடையை மறந்தார். பெட்டி பள்ளியிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் இடைவேளையில் ராமலிங்கம் தயங்கித் தயங்கி வந்து நின்றார். "இன்னொரு தடவை சுத்துங்க டீச்சர். இப்ப தெரிஞ்சே புடிக்கறேன்."

அதன்பின் சக்கரத்தில் விரிசல் விழுந்தது. காந்தங்கள் மணலைத் தின்று மங்கின. நுண்ணோக்கி கொசுவின் காலையும் இட்லி மாவையும் கன்னியம்மாளின் தலைப்பேனையும் பார்த்துப் பார்த்துத் தளர்ந்துபோனது. ராமலிங்கம் ஓய்வுபெற்ற அன்று அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்துத் தனக்கொடியிடம் கொடுத்தார்.

எண்பத்தாறில் தனக்கொடி தலைமையாசிரியை. முசியேயின் மகள் புத்தம்புது நுண்ணோக்கி ஒன்றை அனுப்பியிருந்தாள். மேசைமேல் வைப்பார் என்று பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அவரோ அதைப் பழைய அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைத் தூக்கினால் மட்டுமே எட்டும் உயரத்தில் ஆணி அடித்து, சாவியை அதில் மாட்டினார்.

அந்த வருஷம் அங்கேயே டீச்சர் வேலைக்குச் சேர்ந்திருந்த கன்னியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "என்ன டீச்சர், நீங்களே பூட்டறீங்க?"

தனக்கொடி ஆணியைப் பார்த்தார்.

"பூட்டினாத்தானே ஏறி எடுப்பாங்க. ஆணி கெட்டியா இருக்கான்னு இழுத்துப் பாரு" என்றார்.