கைக்குப் பிந்தி வந்த எழுத்து

என் மனைவி குவைத்திலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த சாமான்களில் ஒரு கொம்பியூட்டரும் இருந்தது. அவள் வேலை செய்த வீட்டுப் பிள்ளைகள் புதிதாக ஒன்று வாங்கியதும் பழையதை அவளிடம் கொடுத்துவிட்டார்களாம். தட்டையான சாம்பல் நிறப் பெட்டி. மேலே வரிசை வரிசையாக ரப்பர் பொத்தான்கள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில எழுத்து. டீ.வி.யோடு வயரை மாட்டினால், அழுத்துகிற எழுத்து டீ.வி.யில் விழும். எண்பதுகளின் கடைசி அது. எங்கள் மலைநாட்டு மஸ்கெலியா பஸாரில் யார் வீட்டிலும் அப்படியொன்று இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நாங்கள் குடியிருந்தது ஒரு சலூனின் பின்னறையில். அந்தச் சலூனில் நான் பல வருடம் கூலிக்கு முடி வெட்டினேன். அதை எங்களுடையதாக எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவள் நான்கு வருடம் இன்னொருவர் வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு வந்தாள். வந்ததும் எடுத்தோம். கதவுக்கு நீலப் பெயின்ட் அடித்தோம். கண்ணாடி புதிது போட்டோம்.

சலூன்காரன் என்றால் வாயாடியாக இருப்பான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அது வராது. நாற்காலியில் இருப்பவர் பேசினால் "ஆமாங்க" என்பேன், பேசாவிட்டால் கத்தரிக்கோல் சத்தம் மட்டும்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் என்னிடம்தான் வந்தார்கள். காரணம் என் சவரம். கழுத்து மடிப்பில்கூட என் கத்தி யாரையும் கீறியதில்லை.

மத்தியானத்தில் வேலை இருக்காது. அப்போது மனைவி என்னைக் கொம்பியூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆங்கில எழுத்து அரைகுறையாகத்தான் தெரியும்.

"அந்தப் புள்ளைங்க எனக்கே சொல்லிக் குடுத்துச்சுங்க. நீங்களும் பழகுங்க. ஆஸ்பத்திரில குடுக்கிற துண்டுச் சீட்டையாவது வாசிக்கலாம்ல?" என்றாள்.

அவள் அதில் எழுத்து அடிப்பதில்லை. சின்ன டப்பா ஒன்றைப் பெட்டியின் பின்னால் சொருகி, கையால் ஆட்டுகிற ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு, தவளையை ரோடு கடக்க வைக்கிற விளையாட்டு விளையாடுவாள். நான் பொத்தான்களோடு மல்லுக்கட்டினேன். எனக்குப் பிடித்திருந்தது. பிழை விட்டாலும் பார்த்துச் சிரிக்க ஆள் இல்லை.

பிறகு மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை தெரிந்ததுதான். நீர்த்தேக்கத்திலிருந்து கிளம்புகிற மூட்டம் கதவிடுக்கு வழியாக உள்ளே வரும். காயப் போட்ட துவாய்கள் வாரக் கணக்கில் காயாது. அப்படியொரு மத்தியானம் நான் 'ஏ'யை அழுத்தினேன். எழுத்து விழவில்லை. சரியாக அழுத்தவில்லையோ என்று நினைத்து விரலை எடுக்கப் போன நேரத்தில் விழுந்தது. 'பி'யும் அப்படியே. நான் அழுத்துகிறேன், கொஞ்சம் கழித்து எழுத்து வருகிறது. முந்திய வாரம்வரை விரல் பட்டவுடன் வந்த எழுத்துகள்.

டீ.வி.யை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கு அண்ணனின் நினைப்பு வந்துவிட்டது.

அண்ணனும் ஹட்டனில் சலூன் வைத்திருந்தவர். அவருடைய வலது கை வாதத்தில் ஒரே நாளில் விழுந்துவிடவில்லை. முதலில் பிந்த ஆரம்பித்தது. "கைய நீட்டணும்னு நெனைக்கிறேன்டா, அது கொஞ்ச நேரம் யோசிச்சிட்டுத்தான் நீளுது" என்று சிரித்துக்கொண்டே ஒரு நாள் சொன்னார். அடுத்த வருடம் சலூனை விட்டுவிட்டார். எனக்கு எழுத்து பிந்திய அந்த நாட்களில் அவர் கினிகத்தேனையில் மகள் வீட்டில் இருந்தார், மகள்தான் சோறு ஊட்டிவிடுவாள்.

எனக்கும் அதேதான் வந்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டேன். மெஷினில் பிழை இருக்கலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அது வெளிநாட்டுச் சாமான். அதில் என்ன பிழை இருக்கப் போகிறது?

மறைவாகக் கையைச் சோதித்துப் பார்த்தேன். ஊசியில் நூல் கோத்தேன், கோத்தது. தளும்பத் தளும்பப் பிளேன் டீ ஊற்றிக் கையில் ஏந்தி அறையைச் சுற்றி வந்தேன், சிந்தவில்லை. தீப்பெட்டியை மேலே எறிந்து பிடித்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பப் போய் பொத்தானை அழுத்தினால் எழுத்து பிந்தியது. அண்ணனுக்கும் ஆரம்பத்தில் மற்ற வேலைகளெல்லாம் சரியாகத்தானே வந்தன என்று நினைத்துக்கொண்டேன். மனைவி குச்சியை ஆட்டும்போது தவளை உடனே குதித்ததைப் பார்த்தது வேறு என்னை உறுதிப்படுத்தியது.

சவரத்தை நிறுத்தினேன். வேறொருவன் தொண்டைமேல் கத்தியை வைத்துவிட்டு, கை யோசிப்பதற்காகக் காத்திருக்க முடியாது. கேட்டவர்களிடம் கத்தி சாணைக்குப் போயிருக்கிறது என்றேன். முடி மட்டும் வெட்டினேன், அதுவும் மெதுவாக. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குறைய ஆரம்பித்தது.

பக்கத்துத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் வழக்கமாக என்னிடம்தான் வருவார். பெரிய வாய். அன்று நாற்காலியில் சாய்ந்து நாடியைத் தூக்கிக் காட்டினார்.

"கத்தி இல்லீங்க" என்றேன்.

"இன்னுமா? யோவ், கத்திய சாணைக்கு எங்க அனுப்புன, குவைத்துக்கா?"

முறைக்காக வாங்குப் பலகையில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"பொண்டாட்டி சம்பாதிச்சுட்டு வந்தா இப்புடித்தான். தொரைக்கு வேல செய்ய மனசு வரல. நான் இந்தத் தாடியோட காலையில ஆளு பிரிக்க பெரட்டுக்குப் போனா பொம்பளைங்க என்னைய சாமியாருன்னு கும்புட்டுப் போடுவாளுங்க" என்று எழுந்து எதிர்ச் சலூனுக்குப் போனார். அவர் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

திரைச்சீலைக்குப் பின்னால் மனைவி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கடை அடங்கியதும் வந்தாள். அவள் கையில் என் கத்தி இருந்தது. மேசை லாச்சியில் துணியால் சுற்றி வைத்திருந்ததை எடுத்துவிட்டாள்.

"இது என்னாங்க?"

வாயால் சொல்வதைவிடக் காட்டுவது சுலபமாக இருந்தது. டீ.வி.யைப் போட்டு, பொத்தானை அழுத்திக் காட்டினேன். எழுத்து பிந்தி வந்தது.

"பாத்தியா? அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு. சலூன எடுத்து வீணாப் போச்சு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், டீ.வி.யைப் பார்த்தாள். பிறகு என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு அதே பொத்தானைத் தானும் அழுத்தினாள். அவளுக்கும் பிந்தியது. வேறொன்றை அழுத்தினாள். அதுவும் பிந்தியது.

"எனக்கும்தான் லேட்டா வருது. அப்ப எனக்கும் வாதமா? குடும்பத்தோட படுத்துக்குவமா?"

"நீ எனக்காக மெதுவா அமுக்குற."

"நான் என்னா நடிக்கிறேனா? அந்தத் தவளைய ரோடு தாண்ட வைக்கிற கைங்க இது!"

நான் நம்பவில்லை. அவள் நல்லவள், என் மனம் நோகக்கூடாது என்று செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவளுக்கு அது விளங்கிவிட்டது.

"சரி. நாளைக்கு ஹட்டனுக்கு எடுத்துட்டுப் போவோம். ரேடியோ திருத்துற ஆளு நம்ம சொந்தமா பந்தமா? உங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டாருல்ல?"

மறுநாள் சலூனைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினோம். பெட்டியை அவள் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வழி முழுவதும் நான் வலது கையை இடது கைக்குள் பொத்திக்கொண்டே இருந்தேன். மெஷினில் பிழை இல்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் நேரே கினிகத்தேனைக்குப் போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

ரேடியோக் கடைக்காரர் இளவயதுக்காரர். கொம்பியூட்டரை அவரும் அன்றுதான் முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தாராம். "டைப் பண்ணா எழுத்து லேட்டாகுது" என்று மனைவி சொன்னாள். என் கையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கடை டீ.வி.யில் மாட்டி ஒரு விரலால் அழுத்தினார். நான் அவர் விரலையும் டீ.வி.யையும் மாறி மாறிப் பார்த்தேன்.

எழுத்து வரவில்லை. அவர் "ம்" என்றார். பிறகு வந்தது.

"ஆமா அண்ணே, லேட்டாத்தான் வருது" என்றார் சாதாரணமாக.

பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் ஒரு பழைய பேப்பரை விரித்து, பெட்டியைக் கவிழ்த்து வைத்து திருகாணிகளைக் கழற்றினார். மூடியைத் தூக்கியதும் உள்ளேயிருந்து கொஞ்சம் பொடி கொட்டியது. கோதுமை மாவைப்போல நைசான மஞ்சள் மண். பொத்தான்களின் அடியில் அதே மண் ஈரம் பட்டுக் களிம்பாக ஒட்டியிருந்தது.

"என்னா அண்ணே இது, எங்கயாச்சும் புதைச்சு வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார்.

மனைவி குனிந்து அதை விரலால் தொட்டாள். இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள்.

"இது அங்குட்டு மண்ணு" என்றாள். "காத்தடிச்சா வூடு பூரா இதுதான். காலையில கூட்டுவேன், மத்தியானம் கூட்டுவேன், சாயந்தரம் திரும்பக் கெடக்கும். அந்தம்மா வெரலால தடவிப் பாத்துட்டு ஏசுவாங்க." விரலைப் பேப்பரில் துடைத்தாள். "இதுக்குள்ள மட்டும் நான் கூட்டல."

குவைத்துச் சூட்டில் உலர்ந்து கிடந்தவரைக்கும் அந்த மண் யாருக்கும் தொந்தரவு தரவில்லை. எங்கள் ஊர் ஈரத்தில் குழைந்து, பொத்தானுக்கும் அடியிலிருந்த தகட்டுக்கும் நடுவில் படிந்துவிட்டது. பொத்தான் நன்றாக அழுந்தி அந்தக் களிம்பு விலகிய பிறகுதான் எழுத்து விழுந்திருக்கிறது. தவளையை ஆட்டுகிற குச்சிக்கு வயர் தனி, அதனால்தான் அது பிந்தவில்லை. அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒவ்வொரு பொத்தானாகத் துடைத்தார். மின்விசிறியின் கீழ் வைத்துக் காயவிட்டார். திரும்பப் பூட்டியதும், "தட்டிப் பாருங்க அண்ணே" என்று என் பக்கம் தள்ளினார்.

வலது கைச் சுட்டுவிரலை வைத்தேன். விரல் தொட்டது, எழுத்து விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. விரலை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதே எழுத்து வரிசையாக ஓடிக்கொண்டே போனது.

"போதும் அண்ணே, டீ.வி. நெறஞ்சிருச்சு" என்று அவர் சிரித்தார்.

கடையை விட்டு வெளியே வந்ததும் எனக்குப் பசித்தது. பல நாளாக அப்படிப் பசித்ததில்லை. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ரொட்டியும் உறைக்கிற கட்டச் சம்பலும் தின்றேன், மனைவி தன்னுடையதிலும் பாதியை என் தட்டுக்குத் தள்ளினாள்.

"ஏங்க, ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"பயமா இருந்துச்சு புள்ள."

"இப்ப?"

"இப்ப இன்னொரு ரொட்டி சொல்லு."

அடுத்த நாள் காலையிலும் மழைதான். சலூனைத் திறந்ததும் முதலில் வந்தவர் ஊருக்குப் புதிய ஒரு லொறி டிரைவர். பல நாள் தாடி. முடி மட்டும் வெட்டச் சொன்னார். வெட்டி முடித்து, துண்டை எடுத்து உதறினேன். சொன்னதைச் செய்வேனே தவிர, நானாக ஒரு ஆளிடமும் எதுவும் கேட்டவன் இல்லை. அன்று எப்படியோ வாய் திறந்துவிட்டது.

"தாடியையும் எடுத்துறட்டுங்களா?"

அவர் கண்ணாடியில் தன் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் சோப்பைக் குழைக்கத் தொடங்கினேன்.