செந்துரு பிடித்த தகடு

ஜப்பானிய வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே வட்டமான ஓர் இரும்புத் தகடு இருக்கும். ஓய்வுபெற்ற பின், பழைய தகடுகளை இணையத்தில் வாங்கிச் சேர்ப்பதில் எனக்கும் கப்பலில் வேலை பார்த்த நண்பர் ஒருவருக்கும் பைத்தியம். போலியைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு. பழைய இரும்பு கறுத்து வழவழப்பாக இருக்கும். செந்துரு என்றால் புதிதாகச் செய்த போலியோ என்று சந்தேகப்பட வேண்டும்.

ஒருமுறை ஏலத்தில் நான் கேட்டுத் தோற்ற தகட்டை அவர் எடுத்துவிட்டார். சில மாதம் கழித்துக் கொண்டுவந்தார். ஓரமெல்லாம் செந்துரு. அவர் வீடு கடலை ஒட்டியது. அந்த உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே அரித்துப்போகும். துருவுக்கடியில், அச்சில் வார்த்த போலிகளில் இருக்காத தெளிவான உளித்தடங்களையும் பார்த்தேன். அசல்தான். ஆனால் போலி என்று சொன்னால் வெறுத்துப்போய் என்னிடமே தள்ளிவிடுவார் என்று நினைத்தேன்.

"போலி" என்றேன்.

"அப்படியா அண்ணாச்சி? எம் பொஞ்சாதி அன்னைக்கே சொன்னா, இதுல தோசைகூடச் சுட முடியாதுன்னு" என்று சிரித்தார்.

போகிற வழியில் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார். மறுநாள் தெரிந்து கடைக்கு ஓடினேன், இரும்பையெல்லாம் ஏற்றிக்கொண்டு லாரி போய்விட்டிருந்தது.

இன்றும் படங்களை அனுப்பி, "இது அசலா அண்ணாச்சி? நீங்க சொன்னாத்தான் வாங்குவேன்" என்கிறார். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.